பெட்டிக்குள் ஒரு சாலிடர் சுருள்

ஓர் ஆய்வகம் இருபது வருடம் பயன்படுத்திய கருவியை ஒதுக்கும்போது, கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பெரும்பாலும் பூஜ்யம்தான். தேய்மானம் முழுவதும் கழிந்திருக்கும். அமெரிக்காவில் அப்படி ஒதுக்கப்பட்ட கருவிகளில் பல, பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் ஹாம் ரேடியோக்காரர்களின் கைக்கு நன்கொடையாகப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் அவற்றைப் பழுது பார்த்து மறுபடி ஓட வைத்தார்கள். இது எப்படி முடிந்தது? பாதி விடை அவர்களுடைய திறமை. மீதி விடை அந்தக் கருவிகளுக்குள்ளேயே இருந்தது.

ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் பெற்ற தனி மனிதர்கள் வியாபார நோக்கம் இல்லாமல் நடத்தும் வானொலித் தொடர்பு. டிரான்ஸ்மிட்டரைக்கூட அவர்களே செய்துகொள்ளலாம். ஆனால் அதிலிருந்து கிளம்பும் அலை, ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி அடுத்தவர் தொடர்பில் குறுக்கிடக் கூடாது. அதைச் சரிபார்க்க அளவுக் கருவிகள் வேண்டும். மின்னலையைக் கண்ணால் காட்டும் ஆசிலாஸ்கோப் அவற்றில் முக்கியமானது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும், 1941 டிசம்பரில் ஹாம் ஒலிபரப்புக்குத் தடை வந்தது. 1945ல் அது தளரத் தொடங்கியது. போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரிக் கருவிகளும் பாகங்களும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. 1946ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஹோவர்ட் வோல்லம், ஜாக் மர்டாக் ஆகியோர் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தன் ஆரம்ப காலத்தில் அப்படிப்பட்ட உபரிப் பாகங்களைப் பயன்படுத்தியது. 1947ல் வந்த அதன் 511 ஆசிலாஸ்கோப்பின் விலை 795 டாலர். அன்று ஒரு பொழுதுபோக்குக்காரருக்கு அது எட்டாத தொகை.

1950களில் வந்த 545 போன்ற மாடல்களைத் திறந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். பாகங்கள் எல்லாம் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் சாலிடர் செய்யப்பட்டு, வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். பள்ளங்களில் வெள்ளிப் பூச்சு உண்டு. சாதாரண ஈயச் சாலிடரால் திரும்பத் திரும்பப் பற்றவைத்தால் அந்தப் பூச்சு கரைந்துவிடும். அதனால் வெள்ளி கலந்த சாலிடரை ஒரு சின்னச் சுருளாகப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். கூடவே வந்த கையேட்டில் முழு மின்சுற்றுப் படம், பாகங்களின் பட்டியல், சரிசெய்யும் முறை எல்லாம் இருந்தன. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் இதைத் திறப்பார் என்று எதிர்பார்த்தே செய்த பொருள் அது.

பல வருடம் தூங்கிய கருவியை எடுத்தவுடன் முழு மின்சாரத்தில் போடக் கூடாது. உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் வலுவிழந்திருக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, கசியும் கெபாசிட்டர்களை மாற்றி, வால்வுகளைச் சோதித்து முன்னேற வேண்டும். ஆபத்தும் உண்டு. 545ன் திரைக்குழாயில் 10,000 வோல்ட் வரை இருக்கும். ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள இத்தகைய பழங்கருவிகளுக்கு ஹாம்கள் வைத்த செல்லப்பெயர் 'படகு நங்கூரம்'. அவற்றோடு மல்லுக்கட்டியே பலர் மின்னணுவியல் கற்றார்கள். இலவசமாக வந்தது கருவி மட்டுமல்ல, ஒரு படிப்பும்தான்.

பிறகு காலம் மாறியது. 1980களில் வந்த 2465 மாடல் கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சிறியது, திறனில் பல மடங்கு பெரியது. ஆனால் அதன் முக்கிய வேலைகளைச் செய்பவை அந்த நிறுவனமே தனக்காக வடிவமைத்த சிப்கள். அவற்றில் யு800 என்ற சிப் சூடேறிப் பழுதானால் கடையில் மாற்று கிடைக்காது. இன்னொரு பழைய கருவியிலிருந்துதான் கழற்ற வேண்டும். அதே வரிசைக் கருவிகளில் அளவுத் திருத்த விவரங்கள் பேட்டரி தாங்கும் நினைவகத்தில் இருந்தன. பேட்டரி தீர்ந்தால் விவரமும் போச்சு. இங்கே சாமர்த்தியம் மட்டும் போதாது.

ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய கையேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார்கள். டெக்ட்ரானிக்ஸின் முன்னாள் ஊழியர்கள் ஓரிகனில் விண்டேஜ்டெக் என்ற அருங்காட்சியகத்தை அமைத்து, பழைய கருவிகளைச் சேகரித்து இயங்க வைக்கிறார்கள்.

பொருளின் விலை இருப்புநிலைக் குறிப்பில் வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். அதைப் பழுது பார்க்க முடியும் என்ற தன்மைக்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் பூஜ்யம் என்று எழுதி ஒதுக்கிய பெட்டி ஒருவருக்குப் பள்ளிக்கூடமாக ஆனதற்குக் காரணம் அந்தத் தன்மைதான். இன்று நாம் வாங்கும் கருவிகளில் எத்தனை, இருபது வருடம் கழித்து யாருக்காவது தானமாகக் கொடுக்கத் தகுந்தவை?