அரைத் தடவை பெருக்க முடியுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்பு. 27-இன் அடுக்கு 2/3 என்ற கணக்கில் அப்படியே நின்றுவிட்டாளாம். "அப்பாயி, 27-ஐ மூணு தடவை பெருக்கலாம். மூணுல ரெண்டு தடவை எப்படிப் பெருக்குறது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை ஒரு பையன் கேட்டான். அவன் கணக்கில் 27-க்குப் பதில் 8. என்னிடம் எட்டாவது வரை படித்துவிட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போனவன், சாயங்காலம் நோட்டோடு வீட்டு வாசலில் நின்றான். எனக்கு விடை தெரியும், காரணம் தெரியாது. "கீழே இருப்பது மூலம், மேலே இருப்பது அடுக்கு. கேள்வி கேட்காம விதியைப் போடு" என்று அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் கணக்கு கேட்டு வரவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு கணித வரலாறு படித்தபோதுதான், அவன் நின்ற இடத்தில் பெரிய பெரிய ஆட்களும் நின்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நிக்கோல் ஒரேம் என்ற பாதிரியார் இருந்தார். 4-ஐ மூன்று தடவை பெருக்கினால் 64, அதன் வர்க்கமூலம் 8, ஆகவே 4-இன் ஒன்றரை அடுக்கு 8 என்று அவர் கண்டுவிட்டார். ஆனால் அது பரவவில்லை. 1637-இல் டெகார்ட் எண்ணின் தலையில் சின்ன எண் போட்டு அடுக்கை எழுதியபோதுகூட முழு எண்ணைத்தான் போட்டார். 1656-இல் இங்கிலாந்தின் ஜான் வாலிஸ் வர்க்கமூலத்துக்கு அடுக்கு அரை என்று அச்சில் துணிந்து சொன்னார்.

அந்த வாலிஸ் புத்தகத்தை 1664-65 குளிர்காலத்தில் படித்தவர் நியூட்டன். வயது 22. வட்டத்தின் பரப்பைக் காணும் முயற்சியில் அரை அடுக்கு குறுக்கே வந்து நின்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அரையை விட்டுவிட்டு, தெரிந்த முழு அடுக்குகளை வரிசையாக எழுதிப் பார்த்தார். (எக்ஸ் வர்க்கம் என்பதை நான் 'வ' என்று எழுதுகிறேன்.)

அடுக்கு 1: 1 − வ
அடுக்கு 2: 1 − 2வ + வ²
அடுக்கு 3: 1 − 3வ + 3வ² − வ³

இரண்டாவது உறுப்பில் 1, 2, 3 என்று வருகிறது அல்லவா? அப்படியென்றால் அரை அடுக்குக்கு அங்கே 1/2. மற்ற உறுப்புகளுக்கும் இப்படியே விதி கண்டார். கிடைத்தது 1 − வ/2 − வ²/8 என்று முடியாமல் நீளும் ஒரு தொடர். சரிதானா என்று பார்க்க அதை அதனாலேயே பெருக்கினார். 1 − வ மட்டும் மிஞ்சியது, மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நீங்களும் வ² வரை பெருக்கிப் பாருங்கள். 1/4-இலிருந்து இரண்டு 1/8 போகும், பூஜ்யம். இந்தக் கதையை 1676-இல் லைப்னிட்ஸுக்குப் போய்ச் சேர எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்.

நம் ஊரில் மாகாணி (1/16), முந்திரி (1/320) என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் வைத்துப் புழங்கியவர்கள் இருந்தார்கள். ஆக, பின்னம் பயமில்லை. 'அடுக்கு என்றால் எத்தனை தடவை' என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான் பின்னம் வந்ததும் வழிமறிக்கிறது. பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்பதைப் பிடித்துக்கொண்டால் வழி கிடைக்கும்.

பேத்தியிடம் அதைத்தான் கேட்டேன். "1/3 அடுக்கு மூணைப் பெருக்கினா என்ன அடுக்கு?" "ஒண்ணு." "அப்ப அது 27. எந்த எண்ணை மூணு தடவை பெருக்கினா 27?" "3." "அதுல ரெண்டை எடுத்துப் பெருக்கு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "ஒன்பது! மூணுல ரெண்டுன்னா இதுதானா?" என்றாள்.

அந்தப் பையன் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான். இதைப் படித்தால், தம்பி, நீ கேட்டது சரியான கேள்விதான். பதில் சொல்லத் தெரியாமல் டீச்சர்தான் அதட்டிவிட்டேன். 8-க்கு விடை 4.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: 32-இன் அடுக்கு 3/5. விடையை மட்டும் போட்டால் மார்க் கிடையாது, எப்படி வந்தது என்று எழுத வேண்டும்.