கரீபியன் கடலிற் பருவமும் சுழியோடியும்: ஒரு வரலாற்று நோக்கு

கடலினுள் இறங்கிச் செய்யும் தொழில் எதுவாயினும் அது காலம் பார்த்தே செய்யப்படுவது. மன்னார்க் குடாவில் முத்துக்குளிப்புப் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டியே நடைபெற்றது என்பதை இலங்கை வரலாற்று மாணவர் நன்கறிவர். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தென்மேற் பருவக்காற்றுத் தொடங்குமுன் கிடைக்கும் சில வார அமைதியே அத்தொழிலின் நாட்காட்டியாக அமைந்தது. பூமியின் மறுபுறத்தில் உள்ள கரீபியன் கடலுக்கும் இத்தகையதொரு நாட்காட்டி உண்டு. விடுமுறையைக் கழிக்க அங்கு சென்று சுழியோட விரும்புவோர் முதலில் எழுப்பும் வினா, எந்த மாதத்திற் செல்வது நன்று என்பதே. எளிமையான வினாவாகத் தோன்றினும் அதற்கு ஐந்நூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓருண்மை புலனாகின்றது. கரீபியன் கடலில் நேர்ந்த பேரழிவுகள் பல, பருவத்தை அறியாமையால் நேர்ந்தவையல்ல. பருவத்தை அறிந்திருந்தும், வேறொரு நாட்காட்டிக்கு அதனை அடிமைப்படுத்தியமையால் நேர்ந்தவை. புறப்படும் நாளைக் குறித்தவர் ஒருவராகவும், அதன் விலையைச் செலுத்தியவர் வேறொருவராகவும் இருந்தமையே அவ்வரலாற்றின் துயரம்.

கடலின் நாட்காட்டி

கரீபியன் பிரதேசத்தில் ஆண்டு முழுவதும் வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகின்றது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். அப்போது காற்று உறுதியாக வீசும். வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று கியூபா, கேமன் தீவுகள் ஆகியவற்றின் வடகரைகளிற் சில நாட்கள் பேரலைகளை எழுப்புவதும் உண்டு. யூன் முதலாம் நாள் தொடக்கம் நவம்பர் முப்பதாம் நாள் வரையுள்ள காலம் சூறாவளிக் காலமெனக் கணிக்கப்படுகின்றது. ஆயினும் அவ்வாறு மாதங்களும் ஒரே தன்மையன அல்ல. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரையுமே ஆபத்து மிகுதி. செப்டெம்பர் 10ஆம் நாளை ஒட்டி அது உச்சநிலையை அடைகின்றது.

இதற்குக் காரணம் கடல் நீரின் வெப்பமே. கோடைகாலம் முழுவதும் ஞாயிற்றின் வெப்பத்தைச் சேமித்த கடல், அக்காலத்தில் 28, 29 பாகை செல்சியசை எட்டுகின்றது. மேற்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்துவரும் காற்றலைகள் இவ்வெதுவெதுப்பான நீரின் மேற் செல்லும்போது, எழும் நீராவியின் மறைவெப்பத்தால் வலுப்பெற்றுச் சூறாவளிகளாக உருவெடுக்கின்றன. பூமத்திய கோட்டை அண்மிய பகுதிகளில் இச்சுழற்சிக்கு வேண்டிய திருப்புவிசை குறைவு. வட அகலாங்கு 12 பாகையை ஒட்டியுள்ள அரூபா, பொனேர், குரசாவோ ஆகிய தென் தீவுகளைச் சூறாவளிகள் அரிதாகவே அணுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், சுழியோடிக்கு உவந்த நீரும் சூறாவளிக்கு உவந்த நீரும் ஒன்றே என்பதாம். செப்டெம்பர் மாதத்தில், புயலில்லாத நாட்களிற் காற்றுத் தணிந்து, கடல் கண்ணாடிபோற் கிடக்கும். நீரோ வெதுவெதுப்பானது. ஆபத்தின் உச்சமும் அழைப்பின் உச்சமும் ஒரே காலத்தில் அமைகின்றன.

எச்சரிக்கையும் ஏளனமும்

ஐரோப்பியர் வருமுன்னரே அத்தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்கள் இப்புயல்களை நன்கறிந்திருந்தனர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் சூறாவளியைக் குறிக்க வழங்கும் ‘ஹரிக்கேன்’ முதலிய சொற்கள் அம்மக்களின் மொழியிலிருந்தே பெறப்பட்டவை. கொலம்பசும் தம் பயணங்களினூடாக அவ்வறிவில் ஒரு பகுதியைப் பெற்றார். 1502ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், தமது நான்காம் பயணத்தின்போது, சாந்தோ டொமிங்கோத் துறைமுகத்திற்கு வெளியே நின்று, புயலொன்று நெருங்குவதாகவும் தமக்குப் புகலிடம் வேண்டுமெனவும் ஆளுநர் ஒவாந்தோவுக்குச் செய்தி அனுப்பினார். புறப்படவிருந்த கப்பற்றொகுதியைத் தாமதிக்குமாறும் வேண்டினார். அவ்விரு வேண்டுகோள்களும் மறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30 கப்பல்கள் ஸ்பெயினை நோக்கிப் பாய்விரித்தன. அவற்றுள் இருபது அளவிற் கடலில் மூழ்கின. ஏறத்தாழ 500 பேர் மாண்டனர். முன்னர் கொலம்பசுக்கு விலங்கிட்டு அனுப்பிய பொபதில்லாவும் அவர்களுள் ஒருவர். கரையோரமாக ஒதுங்கி நின்ற கொலம்பசின் நான்கு கப்பல்களும் தப்பின. எச்சரித்தவர் மீதிருந்த பகைமை எச்சரிக்கையின் பெறுமதியை மறைத்துவிட்டது.

இதே காலத்திற் கரீபியனிற் சுழியோடும் தொழில் ஒரு கொடுமையாக உருப்பெற்றது. இன்றைய வெனிசுவேலாவின் கரைக்கப்பாலுள்ள குபாகுவாத் தீவில் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. அங்கு நுவேவா காதிஸ் என்னும் நகரம் எழுந்தது. நீந்துவதிலும் மூச்சடக்கி மூழ்குவதிலும் வல்லவர்களான பஹாமாத் தீவுகளின் லுக்காயோ மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டு அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் காலை முதல் மாலை வரை நீரில் மூழ்க வைக்கப்பட்டதையும், மூச்சுவாங்கச் சற்றுத் தாமதித்தவர் அடிக்கப்பட்டதையும் லாஸ் காசாஸ் பாதிரியார் 1552இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். பஹாமாத் தீவுகள் சில ஆண்டுகளில் மக்களற்றுப் போயின. 1540களின் தொடக்கத்தில், பார்களும் வறண்டு, நகரமும் கைவிடப்பட்டது. சூறாவளி அரிதாக வரும் அத்தென்கடலில், சுழியோடிக்கு ஆபத்து வானத்திலிருந்து வரவில்லை. நீரில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவனிடம் இல்லாமையே அவனுக்கு ஆபத்தாயிற்று. பின்னர் மார்கரித்தாத் தீவில் அவ்விடத்தை ஆபிரிக்க அடிமைகள் நிரப்பினர்.

கருவூலத்தின் நாட்காட்டி

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அமெரிக்க வெள்ளியை ஸ்பெயினுக்குக் கொண்டுசென்ற கப்பற்றொகுதிகள் ஹவானாவில் ஒன்றுகூடிப் புறப்பட்டன. சூறாவளிக் காலம் முற்றுமுன் அங்கிருந்து நீங்கவேண்டும் என்பதை மாலுமிகள் அறிந்திருந்தனர். ஆயின் சுரங்கத்திலிருந்து வெள்ளி வந்துசேர்வதும், சந்தை கூடுவதும், கணக்கர் பதிவு முடிப்பதும் கடலின் நாட்காட்டியைப் பின்பற்றவில்லை. 1622ஆம் ஆண்டுத் தொகுதி இவ்வாறே பிந்திற்று. ஒல்லாந்தருடன் செய்துகொண்ட போர்நிறுத்தம் முந்திய ஆண்டிலேயே முடிந்திருந்தது. நான்காம் பிலிப்பு மன்னரின் கருவூலம் வெள்ளியை எதிர்பார்த்திருந்தது. செப்டெம்பர் 4ஆம் நாள் 28 கப்பல்கள் ஹவானாவை நீங்கின. மறுநாளே புயல் தாக்கியது. புளோரிடாத் தீவுத்தொடரை ஒட்டி ‘நுவெஸ்த்ரா செஞ்ஞோரா தே அத்தோச்சா’, ‘சாந்தா மார்கரித்தா’ முதலிய கப்பல்கள் மூழ்கின. அத்தோச்சாவில் இருந்த 265 பேருள் ஐவரே உயிர் பிழைத்தனர்.

மூழ்கிய பொருளை மீட்கச் சுழியோடிகள் அனுப்பப்பட்டனர். அத்தோச்சா கிடந்த இடம் உடனே கண்டறியப்பட்டது. ஆயின் கதவுகள் இறுக மூடியிருந்தமையால் உள்ளே புக இயலவில்லை. சரியாக ஒரு மாதங் கழித்து, ஒக்டோபர் 5ஆம் நாள், இரண்டாவது சூறாவளியொன்று அச்சிதைவைச் சிதறடித்தது. அதே பருவத்தினுள் மீட்புப்பணியைத் தொடங்கியோர்க்கு அதே பருவமே விடையளித்தது. 1626இல் மெலியான் என்பவர், சுழியோடி அமர்ந்து கீழிறங்கிப் பார்க்கத்தக்கதாய்ச் செம்பினாற் செய்த மணிவடிவக் கூடொன்றைப் பயன்படுத்திச் சாந்தா மார்கரித்தாவைக் கண்டுபிடித்தார். அங்கு மூழ்கியவரும் அடிமைகளே. அத்தோச்சாவின் பெருஞ்செல்வமோ 1985 வரை கடலடியிலேயே கிடந்தது. 1715ஆம் ஆண்டிலும் இதே கதை. போரின் காரணமாக நெடுநாள் தாமதித்த கப்பற்றொகுதி யூலை 24ஆம் நாள் ஹவானாவிலிருந்து புறப்பட்டு, அம்மாத இறுதியிற் புளோரிடாக் கரையில் அழிந்தது. பன்னிரண்டு கப்பல்களுள் ஒன்றே தப்பியது.

இவற்றுக்கு மாறான எடுத்துக்காட்டாக வில்லியம் பிப்ஸ் என்பவரின் பயணத்தைக் காட்டலாம். 1641ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹவானாவை நீங்கிப் புயலிற் சிக்கிய ‘கொன்செப்சியோன்’ என்னும் கப்பல், இஸ்பானியோலாவுக்கு வடக்கேயுள்ள முருகைக்கற்பார்களில் மோதிச் சிதைந்திருந்தது. 1687இன் தொடக்கத்தில் பிப்சின் ஆட்கள் அவ்விடத்தை அடைந்தனர். படகிலிருந்து நோக்கிய ஒருவர், நீரடியில் வளர்ந்திருந்த கடற்செடியொன்றின் அழகில் ஈடுபட்டு அதனைப் பறித்துவரச் சுழியோடியை அனுப்பியதாகவும், அவன் பீரங்கிகளைக் கண்டு மீண்டதாகவும் கூறுவர். மீட்புவேலை வறண்ட காலத்து மாதங்களிலேயே நடந்தது. ஏப்ரலில் வேலையை நிறுத்தி, சூறாவளிக் காலம் பிறக்குமுன் பிப்ஸ் அக்கடலை விட்டு நீங்கினார். இரண்டு லட்சம் பவுணுக்கு மேற்பட்ட செல்வம் இங்கிலாந்தை அடைந்தது. பிப்ஸ் ‘சேர்’ பட்டமும் பெற்றார். கடலடியிலிருந்து அதனைக் கைகளால் அள்ளிவந்த சுழியோடிகளின் பெயர்களை வரலாறு போற்றவில்லை.

அறிவியலும் அதிகாரமும்

பருவத்தை அறிதல் ஒன்று. வரவிருக்கும் புயலை முன்கூட்டி அறிதல் மற்றொன்று. இவ்விரண்டாவது அறிவுக்குக் கரீபியனில் அடித்தளமிட்டவர் ஹவானாவிலுள்ள பெலேன் கல்லூரி வானிலை நிலையத்தின் தலைவராக 1870இற் பொறுப்பேற்ற பெனித்தோ வீஞ்ஞெஸ் பாதிரியார். முகில்கள் செல்லும் திசை, அமுக்கமானியின் இறக்கம், தொலைவிலிருந்து வரும் பேரலைகள், தந்திவழிச் செய்திகள் ஆகியவற்றை இணைத்து, 1875ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் வெளியிட்ட முன்னறிவிப்பு அத்துறையில் ஒரு மைல்கல்லாகும்.

ஆயினும் அறிவு வளர்ந்தமையால் அதிகாரம் பணிந்துவிடவில்லை. 1898இன் பின் கியூபா அமெரிக்க ஆட்சியின் கீழ் வந்தது. 1900ஆம் ஆண்டில், கியூப வானிலையாளரின் சூறாவளிச் செய்திகள் தந்திவழி செல்வதை அமெரிக்க வானிலைப் பணியகம் தடுத்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கியூபாவைக் கடந்த புயல் மெக்சிக்கோக் குடாவினுள் மேற்கு நோக்கிச் செல்லும் எனக் கியூப அறிஞர் கருதினர். அது வடக்கே திரும்பும் எனப் பணியகம் கருதியது. செப்டெம்பர் 8ஆம் நாள் டெக்சாசிலுள்ள கல்வெஸ்டன் நகரைக் கடல் மூடியது. குறைந்தது 6000 பேர் மாண்டனர். சாந்தோ டொமிங்கோவில் 1502இல் நிகழ்ந்தது அறிவியல் யுகத்தில் மீண்டும் நிகழ்ந்தது.

விடுமுறையின் நாட்காட்டி

1943இற் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி, மூழ்குதலைத் தொழில் என்ற நிலையிலிருந்து பொழுதுபோக்கு என்ற நிலைக்கும் கொண்டுவந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து கேமன் தீவுகளிலும், 1960களிற் பொனேரிலும் ஸ்கூபாச் சுழியோட்டம் வேரூன்றியது. பொனேர் 1971இல் ஈட்டிகொண்டு மீன் வேட்டையாடுவதைத் தடைசெய்து, 1979இல் தன்னைச் சூழ்ந்த கடலைக் கடற்பூங்காவாக்கியது. ஒருகாலத்தில் அடிமைகள் இறக்கப்பட்ட கடலில் இன்று மக்கள் பணங்கொடுத்து, தம் விருப்பால் இறங்குகின்றனர். எப்போது இறங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை முதன்முறையாகச் சுழியோடியின் கைக்கு வந்தது எனலாம்.

எனினும் விடுமுறைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. அலுவலகம் விடுப்பளிக்கும் நாள், முற்பணம் செலுத்திய நாள், கட்டணம் குறையும் மாதம் ஆகியவை அதனை நிருணயிக்கின்றன. கட்டணம் குறைவது சூறாவளிக் காலத்திலேயே. 1998ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘மிச்’ சூறாவளி நெருங்கியபோது ‘பாண்டோம்’ என்னும் உல்லாசப் பாய்க்கப்பலின் பயணிகள் பெலீசில் இறக்கப்பட்டனர். கப்பலைக் காக்கக் கடலுக்குச் சென்ற 31 மாலுமிகளும் கப்பலுடன் மறைந்தனர். 2001ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள், அதே பெலீசின் தென்பகுதியில் ‘ஐரிஸ்’ சூறாவளிக்கு ஒதுங்கித் துறையிற் கட்டப்பட்டிருந்த ‘வேவ் டான்சர்’ என்னும் சுழியோடிகளின் கப்பல், கயிறுகள் அறுந்து கவிழ்ந்தது. அதில் இருந்த 28 பேருள் 20 பேர் மாண்டனர். பதினெழுவர் விடுமுறைக்கு வந்த சுழியோடிகள், மூவர் பணியாளர்.

தென் தீவுகளைத் தெரிந்தால் ஆபத்தில்லை என்று கூறுவதும் முற்றும் பொருந்தாது. 1999ஆம் ஆண்டு நவம்பர் நடுப்பகுதியில் ‘லெனி’ சூறாவளி வழக்கத்திற்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. எப்போதும் காற்றுக்கு மறைவாயிருந்த பொனேரின் மேற்குக்கரை முருகைக்கற்பார்களை அதன் அலைகள் சிதைத்தன. 12 பாகையை ஒட்டிய கிரனடாவை 2004இல் ‘ஐவன்’ பெரும்பாலும் கூரையற்ற தீவாக்கியது. 2024ஆம் ஆண்டு யூலை முதலாம் நாளிலேயே ‘பெரில்’ கரியாக்கூத் தீவைத் தாக்கி, மறுநாள் ஐந்தாம் தரத்தை எட்டியது. அத்திலாந்திக்கில் அவ்வளவு முன்னதாக எந்தப் புயலும் அத்தரத்தை எட்டியதாகப் பதிவில்லை. கடல் வெப்பம் ஏறுந்தோறும் பழைய நாட்காட்டியின் எல்லைகள் நெகிழ்கின்றன.

சுழியோடிக்கே உரிய மற்றொரு தடையும் உண்டு. அழுத்தத்தில் அவனது உடலிற் கரைந்த நைதரசன் மெல்லவே வெளியேறும். பல நாட்கள் தொடர்ந்து சுழியோடியவன் வானூர்தியில் ஏறுமுன் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருத்தல் வேண்டும். புயல் கண்ணுக்குத் தெரிந்தபின் தப்பியோடலாம் என்பது அவனுக்குப் பொருந்தாது. பிறருக்கு ஒரு நாள் முன்னே எடுக்கத்தக்க முடிவை அவன் இரு நாட்கள் முன்னே எடுக்கவேண்டியவனாகின்றான்.

ஆகவே, எந்த மாதத்திற் செல்வது என்ற வினாவுக்கு வரலாறு தரும் விடை இரு பகுதிகளை உடையது. முதலாவது, டிசம்பர் முதல் மே வரையுள்ள காலத்தைத் தெரிவதே பொதுவிற் பாதுகாப்பானது. அதன்பின் செல்வோர் தென் தீவுகளை நாடுதல் நன்று. இரண்டாவது, எந்தப் பருவமும் வாக்குறுதியன்று. ஆதலின் திரும்பிவரும் சுதந்திரத்தை இழக்காத வகையிற் பயணத்தை அமைத்தல் வேண்டும். செலுத்திய பணத்திற்காக நாளை மாற்ற மறுப்பவர், 1622இல் ஹவானாவிற் கணக்கு முடியும்வரை காத்திருந்தவரினின்றும் வேறானவரல்லர். லுக்காயோச் சுழியோடிக்கு நீரை விட்டு வெளியேறும் உரிமை இருக்கவில்லை. அவ்வுரிமையைப் பெற்றிருக்கும் இன்றைய சுழியோடி, அதனைத் தன் விடுமுறைக் கணக்குக்கு விட்டுக்கொடாதிருத்தலும், தன்னை அழைத்துச் செல்லும் மாலுமிக்கும் அதே உரிமை உண்டென உணர்தலும் அவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடங்களாம்.