பட்டர் சிக்கன் - அகதிகள் வச்ச குழம்பு

மக்களே, அம்பத்தூர்ல தந்தூர் அடுப்புக்கு எங்க போறது? தயிர், மிளகாய்த்தூள்ல ஊறவச்ச கோழியை தோசைக்கல்லுல சுட்டு, தக்காளி, வெண்ணெய், க்ரீம்ல கொதிக்கவிட்டு, கசூரி மேத்தியைக் கசக்கிப் போட்டேன். பட்டர் சிக்கன் ரெடி!

இதோட வரலாறுதான் மனசைப் பிசையுது. 1947 பிரிவினையில் பெஷாவரை விட்டு டெல்லிக்கு ஓடிவந்தவங்க குந்தன்லால் குஜ்ராலும் குந்தன்லால் ஜக்கியும். தரியாகஞ்சில் மோத்தி மஹால் ஹோட்டலை நடத்தின பங்குதாரர்கள். சுட்ட கோழி காய்ஞ்சு வீணாகாம இருக்க, தக்காளி வெண்ணெய்க் குழம்புல போட்டதா சொல்வாங்க. இன்னைக்கு பணக்கார ஐட்டம், பொறந்தது சிக்கனத்துல!

போட்டது யாருங்கறதுலதான் சண்டை. 2024ல் குஜ்ரால் குடும்பம், ஜக்கி பேரனோட உணவகத்து மேல டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டுச்சு.

கசூரி மேத்திக்குப் பேர் கொடுத்த கசூர் ஊரும் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. வீடு போச்சு, ஊர் போச்சு, ருசி மட்டும் கூட வந்துச்சு. அதை ஒருத்தர் பேர்ல எழுதி வைக்க முடியுமா என்ன? மிஞ்சின இட்லியை உப்புமாவாக்கின நம்ம பாட்டிங்க யார் மேலயும் கேஸ் போடலையே :-)

நீங்க என்ன சொல்றீங்க?