தாய்ப்பாலில் மார்பீன்: ஒரு கணக்கு

பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு தலைவலி மாத்திரையைக் கையில் எடுத்தால் போதும், "பால் கொடுக்கிறவ, பாத்து" என்று ஒரு குரல் வரும். அந்தப் பயத்தில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. இரண்டும் பின்னிக் கிடக்கிற ஒரு கதையைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

2005, கனடாவின் டொரொண்டோ. பிறந்து 13 நாளே ஆன ஒரு குழந்தை இறந்துபோனது. ரத்தத்தில் மார்பீன், மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம். பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்காக அம்மா கோடீனும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை சாப்பிட்டிருந்தார். கோடீனில் ஒரு பகுதியைக் கல்லீரல் மார்பீனாக மாற்றும். சிலருக்கு மரபணு காரணமாக இது மிக வேகமாக நடக்கும். இந்த அம்மாவும் அந்த வகை. ஆகவே பால் வழியாகத்தான் மார்பீன் போய்ச் சேர்ந்தது என்று கிடியன் கோரன் குழுவினர் 2006ல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

அந்த ஒரே சம்பவம் உலகம் முழுக்கப் பரவியது. 2007ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2017ல், பால் கொடுப்பவர்களுக்குக் கோடீன் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். அம்மா சேமித்து வைத்திருந்த பாலில் இருந்த மார்பீன், மில்லிலிட்டருக்கு 87 நானோகிராம். குழந்தை ஒரு நாளைக்கு அரை லிட்டர் குடித்தது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.04 மில்லிகிராம் சொச்சம். பச்சிளம் குழந்தைக்கு வலி என்றால் மருத்துவமனையில் ஒரு வேளைக்கு வாய்வழியே கொடுக்கும் மார்பீனைவிட இது குறைவு! ரத்தத்தில் அவ்வளவு ஏற இது எப்படிப் போதும்?

டேவிட் ஜூர்லிங்க் போன்றவர்கள் இதைக் கேட்ட பிறகு, 2020ல் இதே சம்பவத்தைப் பற்றிய கட்டுரைகளை இரண்டு கனடிய இதழ்கள் திரும்பப் பெற்றன. 2023ல் ஒன்டாரியோவில் 8.6 லட்சம் தாய்-சேய் இணைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பிரசவத்துக்குப் பின் ஓபியாய்டு மாத்திரை வாங்கிய அம்மாக்களின் குழந்தைகள் கூடுதலாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படவில்லை.

இதற்காகக் கோடீனை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. எஃப்.டி.ஏ. எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ போதும். அம்மா எந்த மருந்து சாப்பிட்டாலும், குழந்தை எழுப்பினாலும் எழாமல், பால் குடிக்காமல், மூச்சுக்குத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் மாத்திரைக்குப் பயந்து பாலை நிறுத்துவதற்கோ, வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதற்கோ முன்னால், டாக்டரிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்: "பாலில் எவ்வளவு போகும்?"