புனிதர் கதைகளின் பயணம்

திருவிழாக் கொடி ஏறிவிட்டால் நவநாள் மறையுரைகளில் பாதுகாவலரின் வாழ்க்கை வரலாறு தவறாமல் வந்துவிடும். முன்னால் போனவர்களைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்கள் தெம்பு கொள்ளும் வழக்கம் அது. நாம் கேட்டுப் பழகிய அந்தக் கதைகள் கடந்து வந்த தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் சிமிர்னா நகரில், முதியவரான ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டார். நடந்ததை அவ்வூர்ச் சபையார் பிலோமேலியம் சபைக்குக் கடிதமாக எழுதி, மற்ற சபைகளுக்கும் அனுப்பச் சொன்னார்கள். கடிதத்தின் கடைசியில் படியெடுத்தவர்களின் வரிசை இருக்கிறது: காயு எழுதினார், அதைப் பார்த்துக் கொரிந்துவில் சோக்கிரத்து எழுதினார், நைந்துபோன பிரதியைத் தேடிப் பிடித்துப் பியோனியு எழுதினார். கதை பிழைத்தது இந்தக் கைகளால்தான்.

நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள்மீதான வதை ஓய்ந்தது. இரத்தம் சிந்தாமலே சான்று பகர்ந்தவர்கள் தேவைப்பட்டார்கள். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த வனத்து அந்தோணியார் 356இல் இறந்தார். அவர் வரலாற்றை அத்தனாசியார் கிரேக்கத்தில் எழுதினார். இருபதே ஆண்டுகளுக்குள் இரண்டு இலத்தீன் மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன.

386இல் மிலான் நகரில் பொந்திசியானு என்ற அரண்மனை அதிகாரி ஏதோ வேலையாக அகுஸ்தீனார் வீட்டுக்கு வந்தார். விளையாட்டு மேசைமேல் பவுலடியாரின் திருமுகங்கள் கிடந்ததைக் கண்டு பேச்சு வளர்ந்தது. திரியர் நகரில் இரண்டு அதிகாரிகள் ஒரு குடிசையில் அந்தோணியார் வரலாற்றைப் படித்துவிட்டு, அரசுப் பணியையே உதறிய செய்தியைச் சொன்னார். படிப்பில்லாதவர்கள் முந்திக்கொண்டார்கள், நாம் இன்னும் தயங்குகிறோமே என்று அகுஸ்தீனார் குமைந்தார். அன்றே தோட்டத்தில் அவர் வாழ்க்கை திரும்பியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வொராஜின் யாக்கோபு என்ற தொமினிக்கன் துறவி இத்தகைய கதைகளைத் திருவிழா நாள் வரிசையில் தொகுத்தார். 'பொற்புராணம்' என்று பெயர் பெற்ற அந்நூலின் கையெழுத்துப் பிரதிகள் ஏறத்தாழ ஆயிரம் இன்றும் இருக்கின்றன. அதில் யோசபாத்து என்று ஓர் இந்திய இளவரசர். துன்பம் கண்ணில் படாமல் தந்தை அவரை அரண்மனையில் அடைத்து வைக்கிறார். ஒருநாள் நோயையும் முதுமையையும் பார்த்தவர் துறவு பூணுகிறார். ஆம், புத்தர் கதைதான்! பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என்று கைமாறி வந்ததில் ஊர்பேர் தெரியாமல் போய், புனிதர் பட்டியலிலேயே இடம்பிடித்துவிட்டது.

1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலா வீட்டில் படுத்தபடி வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் பொற்புராணத்தின் ஸ்பானிய வடிவமும்தான். வீரசாகசக் கனவு கலைந்ததும் மனம் வறண்டது. புனிதர் நினைவோ கலைந்தபின்னும் இனித்தது. பிரான்சிஸும் தொமினிக்கும் செய்ததை நாம் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் முற்றி 1540இல் இயேசு சபையானது.

பாரிசில் அவரோடு ஒரே அறையில் தங்கிய சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பின்னால் வந்தவர் அண்டிரிக் அடிகளார். யூத வழி வந்தவர் என்று பிரான்சிஸ்கன் சபை அனுப்பிவிட, இயேசு சபையில் சேர்ந்தவர் அவர். தமிழ் கற்று, பரதவர்கள் திரட்டித் தந்த பணத்தின் துணையோடு தமிழ் அச்சு வேலையில் இறங்கினார். 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' வந்தது. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரியும் 'புளோஸ் சாங்தோரும்', அதாவது அடியார் வரலாறு. கடலோடிகள் ஊர் பேசும் தமிழிலேயே அந்தப் பழைய கதைகளைக் கேட்டார்கள்.

வத்திக்கான் நூலகத்தில் இருந்த அடியார் வரலாற்றின் பிரதியை இருபதாம் நூற்றாண்டில் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஈழத்துத் தனிநாயகம் அடிகள். 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து, நூல் தூத்துக்குடியில் மறுபடி அச்சேறியது. பொலிகார்ப்பைப் பற்றிய கடிதத்தில் தொடங்கிய படியெடுத்தவர் வரிசையில் இவர்கள் பெயரையும் தாராளமாகச் சேர்க்கலாம்.