பதினைந்து சென்ட் பாடம்

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘மண்ணின் குரல்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இந்த மண் விவகாரம் நம்மிடமும் உண்டு. நாட்டுப்பாடகன் என்றால் மரம் காய்ப்பதுபோலப் பாடிவிடுகிறான் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் குரல் சம்பளம் கொடுத்துக் கற்றது.

1923இல் அலபாமாவின் மவுண்ட் ஆலிவில் பிறந்தவர். 1930இல் படைவீரர் மருத்துவமனைக்குப் போன தகப்பனார் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார். தாயார் லில்லி விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பையனுக்கு முதுகுத்தண்டில் பிறவிக் கோளாறு. அந்தப் பக்கத்து மரம்வெட்டு வேலை அவனால் முடியாது. நிலக்கடலை விற்றான், ஷூ பாலிஷ் போட்டான். தெருவில்தான் ரூஃபஸ் பெய்னைச் சந்தித்தான். கறுப்பர், தெருவில் கிதார் வாசித்துப் பிழைத்தவர், ‘டீ-டாட்’ என்று பட்டப்பெயர். கையில் கிடைத்த 15 சென்ட்டோ, தாயார் போட்ட சாப்பாடோதான் குருதட்சிணை. நிற்கிற கூட்டம் நகர்ந்துவிடாமல் பாடுவதும் பாடத்தில் சேர்த்தி என்றுதான் கொள்ள வேண்டும். தெருப்பாடகனின் பிழைப்பே அதில்தானே இருக்கிறது. பெய்ன் 1939இல் மாண்ட்காமரியில் இறந்தார். புதைத்த இடத்தில் கல் நடவில்லை. அவர் குரலில் ஒரு இசைத்தட்டுகூடக் கிடையாது. வங்கியில் பேரேடு எழுதுகிற எனக்கு இது உறுத்துகிறது: வரவுப் பக்கம் மட்டும் எழுதிய கணக்கு.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. மாண்ட்காமரி ரேடியோ, 1946இல் நாஷ்வில்லில் பதிப்பாளர் ஃப்ரெட் ரோஸ், 1947இல் எம்ஜிஎம் இசைத்தட்டு. ஆனால் ஹாங்க்கை உச்சிக்குக் கொண்டுபோன ‘லவ்சிக் ப்ளூஸ்’ அவர் எழுதியதே அல்ல. க்ளிஃப் ஃப்ரெண்டும் இர்விங் மில்ஸும் 1922இல் செய்த சரக்கு. பிறகு அதைப் பாடிப் பதிவு செய்த எம்மெட் மில்லர், முகத்தில் கரி பூசிக் கறுப்பர் வேஷம் கட்டிய வெள்ளையர். கறுப்பரிடம் நேராகக் கற்றவருக்குப் புகழ் வந்தது கறுப்பர் வேஷக்காரர் வழியாக! 1948 டிசம்பரில் ஹாங்க் அதைப் பதிவு செய்தபோது ரோஸுக்குப் பிடிக்கவில்லை. வெளிவந்ததும் ‘பில்போர்டு’ பட்டியலில் 16 வாரம் முதலிடம்.

1949 ஜூன் 11 அன்று நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடை ஏறினார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 இதழில், ‘பில்போர்டு’ தன் பட்டியல்களின் பெயரை மாற்றியது. கறுப்பர் இசைக்கு இருந்த ‘ரேஸ்’ என்ற பெயர் போய் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’. ‘ஃபோக்’ போய் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’. பெயர்கள் நாகரிகமாயின, நடுச்சுவர் அப்படியே நின்றது. பெய்ன் உயிரோடு இருந்து பாடியிருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

ஹாங்க் 1953 புத்தாண்டு தினத்தன்று, கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் ஸீட்டில் இறந்துகிடந்தார். வயது 29. தனக்குக் கிடைத்த இசைப் பயிற்சி முழுவதும் பெய்னிடம் பெற்றதுதான் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.