கொடி அறுத்த கைகள்

வெண்ணந்தூர்ப் பக்கம் ராத்திரியில் ஒருத்திக்கு வலி கண்டால், ஆள் ஓடி வந்தது சேரிக்கும் நாவிதர் வீட்டுக்கும்தான். கொடி அறுக்க அந்தக் கை வேணும். விடிஞ்சா அதே கைக்குத் தண்ணியைத் தூக்கித்தான் ஊத்துவாங்க. தீட்டைத் தலையில் கட்டியவர்கள், அதை வைத்தியம் என்று ஒப்பவில்லை.

1903-ல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர வந்தது. 1926-ல் சென்னை மாகாணச் சட்டம் செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் பதிவேடு வைத்தது. பள்ளிக்கூடத் திண்ணையே ஏறவிடாத பெண் எந்தச் சான்றிதழோடு அதில் ஏறுவாள்? 1977-ன் கிராம சுகாதாரத் திட்டத்தில் கிடைத்தது 30 நாள் பயிற்சி, 300 ரூபாய், ஒரு பெட்டி. சம்பளமில்லை, வெள்ளை உடுப்பில்லை.

இன்று தமிழ்நாட்டில் 99.6 சதப் பிரசவம் மருத்துவமனையில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நல்லதுதான், பழையபடி குடிசையில் பெற்றுக்கொள்ள யாரும் கேட்கவில்லை. ஆனா நாப்பது, அம்பது வயசிலே அந்தப் பெண்களைச் செவிலியராக்க ஒரு படிக்கட்டு கட்டியிருக்கக் கூடாதா? எழுத்தும் சொல்லிக்கொடுத்து, கை அனுபவத்தையும் படிப்பாகக் கணக்கில் எடுத்திருக்கலாமே?

நம் பாட்டிமார் மாற மறுத்தவர்களல்ல, மாற விடப்படாதவர்கள். அவங்க பேரை நாமாவது எழுதி வைப்போம்.